போத்தனூரில் ரயில் தண்ணீர் குடித்த நாள்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள் நான். மளிகைச் சீட்டும், மகளுக்கு எப்போதாவது இரண்டு வரிக் கடிதமும் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. போதாததற்கு மறதி வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நிற்கிறவள், நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தியதைச் சொல்ல வந்தால் எப்படி இருக்கும்? முன்னே நடந்தது பின்னேயும், பின்னே நடந்தது முன்னேயும் வரலாம். பக்கத்து வீட்டுக்காரி பேச்சு என்று நினைத்துக்கொண்டு பொறுத்துப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது கணபதியில். வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இரும்பு உருக்குகிற பட்டறை ஒன்று இருக்கிறது. உலை மூட்டுகிற நாளில் கரிப்புகை வாசம் தெருவெல்லாம் பரவும். மருமகள் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவாள், காயப்போட்ட துணியை எடுப்பாள். நான் மட்டும் யாரும் பார்க்காதபோது சன்னலை ஒரு விரற்கடை திறந்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். கிழவிக்குக் கரிப்புகை மேல் ஆசை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் அப்படி வாசம் வந்த ஒரு காலையில் மருமகள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து என் மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஒன்றுக்கு ஆறு வயது, ஒன்றுக்கு நாலு. இரண்டே நாள்தான் இருப்பார்கள். அதற்குள் கோயமுத்தூரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும்.

"ரெண்டு நாள்ல ஒம்போது எடமுங்க அத்தை. நேரமெல்லாம் போட்டுட்டேன். ஒண்ணேகாலுக்கு மீன் பாக்கறது, ரெண்டே முக்காலுக்கு மலைக்குப் போறது."

"சின்னது எப்பம்மா தூங்கும்?"

"கார்ல தூங்கிக்கும்."

"ஒண்ணுக்கு வந்துச்சுன்னா?"

"அதுக்கும் கால்மணி நேரம் போட்டிருக்கறனுங்க." சிரித்தாள். நல்ல பெண். "நீங்களும் ஒண்ணு சொல்லுங்க. சின்னதுகளுக்கு என்னத்தக் காட்டலாம்?"

என்னை யாரும் இப்படி நேராகக் கேட்டுவிட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். பிறவியிலேயே அப்படி. அன்றைக்கு மட்டும் எப்படியோ வந்துவிட்டது. "போத்தனூரு" என்றேன்.

"போத்தனூர்லயா? அங்கென்னங்க அத்தை இருக்குது, டேசனு!"

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வாயில் வராதது கையில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரத்து ஊர் எங்களுடையது. அங்கே புதிதாக வந்த பால்வாடியில் ஆயா வேலை கிடைத்திருந்தது. கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் ஆயா. தெருவில் கிழவிகள்கூட "ஏ ஆயா" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கூட்டுவது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி வைப்பது, சத்துமாவு உருட்டிக் கொடுப்பது என் வேலை. பாட்டும் கதையும் டீச்சருடையது.

டீச்சருக்கு ஊர் போத்தனூர். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் எந்தக் கதை சொன்னாலும் அதில் ஒரு ரயில் வந்துவிடும். காக்காயும் நரியும் கதையில்கூடக் காக்கா ரயில் கம்பியில்தான் உட்காரும். கோபிக்கு ரயில் கிடையாது, இன்றைக்கும் இல்லை. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு "கூ" என்று ஓடுவார்களே தவிர யாரும் ரயிலைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. கண்டது மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் தெருவில் ரோசி என்று ஒருத்தி. ஐந்து வயது, வாய் மட்டும் ஐம்பது. ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், ரயிலுன்னு நெசமாலுமே ஒண்ணு இருக்குதுங்களா? இல்ல சும்மா சொல்றீங்களா?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பன் முப்பது வருசம் பொய்யிலயா வேல பாத்தாரு? இரு, உன்னையக் கூட்டீட்டுப் போயே காட்டறேன்" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான்.

அன்றைக்கே பலகையில் எழுதினார். ரயில், சிங்கம். அவ்வளவுதான். பிள்ளைகள் கடல் வேண்டும் என்றார்கள், ஏரோப்ளேன் வேண்டும் என்றார்கள். ஒருவன் போலீஸ் ஜெயிலைப் பார்க்க வேண்டும் என்றான். டீச்சர் அசையவில்லை. "சின்ன வயித்துக்கு ரெண்டு உருண்டதான். மூணாவது வாந்தி வரும்" என்று என்னிடம் சொன்னார். மருமகளின் ஒன்பது இடத்தைக் கேட்டபோது இதுதான் ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

நாள் குறிப்பது பெரிய பாடாகிவிட்டது. செவ்வாய் ஆகாது என்றார் ஒரு அம்மா. வெள்ளி தலைக்கு ஊற்றுகிற நாள். சனி சந்தை. ஞாயிறு எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மாதா கோயில். புதன் டீச்சருக்குக் கூட்டம். கடைசியில் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை மிஞ்சியது.

பிள்ளைகள் தொலையாமல் இருக்க நான் ஒரு வழி செய்தேன். என் பழைய சேலை ஒன்றை நீளவாக்கில் முறுக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டேன். ஆளுக்கொரு முடிச்சு. முடிச்சை விட்டால் சிங்கம் கிடையாது என்பது சட்டம். ஒரு வாரம் வாய்க்கால் கரையில் ஒத்திகை நடந்தது. முன்னால் டீச்சர், கடைசியில் நான். வயலில் நின்றவர்கள், "ஏனம்மணி, சந்தைக்கு ஆடு ஓட்டீட்டுப் போறாப்பல இருக்குது, என்ன வெல சொல்றீங்கோ?" என்று கத்துவார்கள். நான் முந்தானைக்குள் தலையை இழுத்துக்கொள்வேன். ரோசி திரும்பிக் கத்துவாள், "நாங்க கோயமுத்தூரு போறோம், நீங்க இங்கயே கெடங்க!"

முதலில் பதினொரு முடிச்சுதான் போட்டிருந்தேன். பன்னிரண்டாவது முடிச்சில்தான் கதை இருக்கிறது.

தோட்டத்து வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு மாதமாகப் பால்வாடிக்கு வந்துகொண்டிருந்தான். பெயர் எழுதமாட்டேன், இப்போது பெரிய மனிதராக இருப்பார். தம்பி என்றே சொல்கிறேன். அவர்கள் வீட்டுக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். என் அப்பாவும் அண்ணனும் அவர் வயலில்தான் வேலை செய்தார்கள். எங்கள் குடிசை நின்ற இடமும் அவர்களுடையதே. எங்கள் தெருக்காரர் கை பட்ட தண்ணீரை அந்த வீட்டில் குடிக்கமாட்டார்கள். நாங்கள் தண்ணீர் கேட்டால் கையைக் குவித்து நிற்போம், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அப்போது உனக்குக் கோபம் வரவில்லையா என்று என் மகள் கேட்பாள். வெயிலை நினைத்தது மாதிரிதான் அதையும் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு போவதுதான் தெரியும்.

எங்கள் தெருப் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்டுத் தம்பி வேலியைத் தாண்டி ஓடிவந்தவன். பிடித்துக்கொண்டு போனால் மறுபடி வருவான். கடைசியில் அவன் அம்மாவே உட்காரப் பலகை ஒன்றும், குடிக்கத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றும் கொடுத்து அனுப்பிவிட்டார். தோளில் மாட்டுகிற சிவப்புப் பிளாஸ்டிக் பாட்டில். அதை அவனே ஆணியில் மாட்டுவான், அவனே எடுப்பான். நான் கூட்டும்போதுகூட அதன் பக்கம் துடைப்பம் போகாது.

கோயமுத்தூர்ப் பேச்சு வந்ததும் தம்பி வீட்டில் சோறு தின்ன மறுத்துவிட்டானாம். மூன்று நாள் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். களத்தில் நின்று பேசினார். நான் அவருடைய கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இத பாரு. எனக்கொண்ணும் இல்ல. எங்க மாமியா காதுக்குப் போச்சுன்னா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாங்க. சோறு டப்பாவுல இருக்கும், தண்ணி பாட்டல்ல இருக்கும். வேற ஒண்ணும் அவன் வாயில படக்கூடாது. உன்னைய நம்பித்தான் உடறேன்."

"சரிங்கம்மா."

"ஒரு வாய் தண்ணிகூட."

"சத்தியமா இல்லீங்கம்மா."

நான் திரும்பி நடக்கப்போனேன். "ஏ, நில்லு" என்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "கண்ணாலம் கட்டி வந்ததுலருந்து நானும் கோபியத் தாண்டுனதில்ல. அந்த ரயிலு எப்படி இருக்குதுன்னு நல்லாப் பாத்துட்டு வா."

பன்னிரண்டாவது முடிச்சைப் போட்டேன். ஏதாவது தப்பினால் வேலை போகும், அண்ணன் வேலையும் போகும், குடிசையையும் பிரிக்கச் சொல்வார்கள். டீச்சரிடம் சொன்னேன். "தண்ணிதான? பாட்டல்ல இருக்கறதக் குடிக்கப்போறான். இதுக்கு எதுக்கு இப்படி வேர்க்கற?" என்றார். அவர் ரயில்வே வீட்டில் வளர்ந்தவர். அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை விடியலில் பஸ் ஏறினோம். புளியம்பட்டி வருவதற்குள் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள், ஐந்தாவது ஆள் நான். அன்னூர் தாண்டியதும் வீடுகள் நெருங்கி வர ஆரம்பித்தன. நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிற இந்தக் கணபதி வழியாகத்தான் பஸ் போனது. வரிசையாகப் பட்டறைகள், உள்ளே நெருப்புப் பொறி. "ஆயா, பகல்லயே மத்தாப்பு உடறாங்க!" என்று ரோசி கத்தினாள். இங்கேயே ஒருநாள் வாழ்க்கைப்பட்டு வருவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

காந்திபுரத்தில் இறங்கினோம். அத்தனை கால்கள், அத்தனை சக்கரங்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு தலை, சோற்றுப் பை இரண்டு, தண்ணீர்க் குடம் ஒன்று, பழைய துணி மூட்டை ஒன்று. எல்லாம் சரியாக இருந்தது. அங்கிருந்து போத்தனூருக்கு இன்னொரு பஸ். ஸ்டேஷனுக்குள் நுழைந்து நிழலில் உட்காரவைத்த பிறகு தம்பி, "ஆயா, தண்ணி" என்றான்.

பாட்டில் இல்லை.

கோபி பஸ்சில் சன்னல் கம்பியில் அவனே மாட்டியிருந்தான். நான் பார்த்தேன். இறங்கும்போது எண்ணினேன் என்றேனே, என் கை படுகிற சாமானைத்தான் எண்ணினேன். அந்தப் பாட்டிலை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று இரண்டு மாதம் பழகியதால் அது என் கணக்கிலேயே வராமல் போய்விட்டது. இப்படி ஒரு தப்பை வேறு யாராவது செய்வார்களா?

டீச்சரிடம் சொன்னபோது என் பற்கள் அடித்துக்கொண்டன, அந்த வெயிலில். அவர் கடைப் பக்கம் பார்த்தார். "கலர் வாங்கிக் குடுத்தரலாம்" என்றார். ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கிவந்தார். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "மூக்குல குத்துது, எனக்குத் தண்ணிதான் வேணும்" என்று பாட்டிலைத் தள்ளிவிட்டான். பக்கத்திலேயே எங்கள் குடம். மற்ற பிள்ளைகள் அதில் மொண்டு குடிக்கிறார்கள். அவன் அதைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் தரை அதிர்ந்தது.

எப்படிச் சொல்வேன்? முதலில் காலில் வந்தது. கால் வழியாக வயிற்றுக்கு வந்தது. பிறகுதான் காதுக்கு. ஒரு கருப்பு மலை புகையைக் கக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. கரிவாசம் மூக்கில் ஏறியது. சக்கரம் என் உயரத்துக்கு மேல். சக்கரத்தோடு சேர்த்த இரும்புக் கை ஒன்று போய்ப் போய் வந்தது, யாரோ உள்ளே உட்கார்ந்து மாவாட்டுகிற மாதிரி. புஸ்ஸென்று வெள்ளை ஆவி விட்டு நின்றபோது பிள்ளைகள் ஒருவரும் மூச்சு விடவில்லை. ரோசி வாயைத் திறந்தவள் மூடவேயில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சாமியைப் பார்த்துப் போடுவதை ரயிலைப் பார்த்துப் போட்டுவிட்டேன்.

"இருக்குதா?" என்றார் டீச்சர்.

"இருக்குதுங்க டீச்சர்" என்றாள் ரோசி, மெதுவாக.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சாகிற வரை மறக்கமாட்டேன். தண்டவாளத்து ஓரத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பெரிய குழாய் நின்றது. ஒரு ஆள் அதைத் திருப்பி இஞ்சின் முதுகுக்கு மேல் கொண்டுவந்தார். தண்ணீர் கொட்டியது. அருவி மாதிரி. வழிந்தது, தெறித்தது, கரியோடு சேர்ந்து கருப்பாக ஓடியது.

"ஆயா, அது என்ன பண்ணுது?"

"தண்ணி குடிக்குது சாமி."

தம்பி யோசித்தான். "யாரு தண்ணி?"

டீச்சர் சொன்னார், "ரயில்வே தண்ணி கண்ணு. அல்லாருக்கும்."

அதற்குள் வண்டியிலிருந்து சனம் இறங்கி எங்களைத் தாண்டி ஓடியது. பிளாட்பாரத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று, கீழே குழாய். குழாய்க்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிய ஒற்றை டம்ளர். திருநீறு பூசிய பெரியவர் குடித்துவிட்டுக் கொடுத்தார். தொப்பி போட்ட பாய் ஒருவர் வாங்கிக் குடித்தார். அவரிடமிருந்து மீன்கூடைக்கார அம்மா. அவரிடமிருந்து ஒரு போலீஸ்காரர். மலையாளம் பேசிக்கொண்டு இரண்டு பெண்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா. யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "சீக்கிரமுங்க, வண்டி கெளம்பீரும்" என்பது மட்டும்தான் பேச்சு. ரயிலைக் கண்டு வாய் பிளந்தேன் என்றேனே, அதைவிட இதைக் கண்டுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு டம்ளர் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

தம்பி எழுந்தான். முடிச்சை விட்டால் சிங்கம் கிடையாது என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முடிச்சைப் பிடித்துக்கொண்டே தொட்டியைப் பார்த்து நடந்தான். அவன் இழுத்த இழுப்பில் ரோசி எழுந்தாள், அவளுக்கு அடுத்தவன் எழுந்தான். மற்ற பிள்ளைகளும் சேலையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வரிசையாகப் போனார்கள். கடைசி நுனி என் கையில். நானும் போனேன்.

அவனுக்குக் குழாய் எட்டவில்லை. சங்கிலி அவன் தலைக்கு மேலே தொங்கியது. டீச்சர், பயந்து அழுத ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"ஆயா, எடுத்துக் குடு."

நான் அசையவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன். அண்ணன் முகம் வந்தது. குடிசை வந்தது. அவன் உதட்டைப் பார்த்தேன், வெள்ளையாகக் காய்ந்திருந்தது. டம்ளரைப் பிடித்தேன். குழாயைத் திறந்தேன். பாதித் தண்ணீர் அவன் சட்டையில். மீதியை அவன் வாயில் வைத்துக் குடித்தான். ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர். "ஐசாட்ட சில்லுன்னு இருக்குது" என்றான். அந்த வீட்டு மனிதர் ஒருவர் என் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு டம்ளரை ரோசியிடம் கொடுத்தான்.

"நீ எச்சில் பண்ணீட்ட" என்றாள் அவள்.

"ரயிலே இதத்தான் குடிக்குது. உனக்கென்ன?"

ரோசியும் வாங்கிக் குடித்தாள். எல்லாரும் குடித்த பிறகு நானும் குடித்தேன். இனிப்பாக இருந்தது. எங்கள் ஊர்க் கிணறு உப்பு, அதனால்கூட இருக்கலாம்.

டீச்சர் வீட்டில் சோறு தின்றதும், மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியதும், ஒரு பையன் "அது செத்த சிங்கம், வேற காட்டுங்க" என்று அழுததும் இருக்கட்டும். எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. திரும்பி வருகிற பஸ் முழுக்க, என்ன சொல்வது, என்ன சொல்வது என்றே இருந்தது. "நான் சொல்லிக்கறேன், நீ பேசாம இரு" என்றார் டீச்சர். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்தது.

பொழுது சாய இறங்கினோம். அந்த அம்மா நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தார். பையனைத் தூக்கியதும் முதல் கேள்வி, "பாட்டல் எங்க கண்ணு?"

"பஸ்சுல மறந்து உட்டுப்போட்டமுங்க" என்றார் டீச்சர்.

"அப்பறம் என்னத்தக் குடிச்சான்?"

டீச்சர் வாயெடுப்பதற்குள் தம்பி சொன்னான், "ரயிலு குடிக்கற தண்ணியக் குடிச்சேன்மா!"

அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "யாரு கையில குடிச்சான்?"

டீச்சர் என் முழங்கையை இடித்தார். தானே ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்லிவிடுவதற்கு அவர் தயாராக இருந்தார். எனக்குத்தான் பொய் சொல்வதற்கும் வாய் வராது.

"என்ற கையிலதானுங்கம்மா."

அந்த அம்மா பையனை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பாதையில் நடந்தார். பத்தடி போயிருப்பார். நின்றார். திரும்பாமலேயே கேட்டார்.

"ரயிலு எப்படி இருந்துச்சு?"

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியாது. "கருப்பா இருந்துச்சுங்கம்மா. மழை வாரப்ப மேக்கால வானம் இருக்குமில்லீங்க, அந்த மாதிரி. அது வந்தா நம்ம நெஞ்சுதான் ஓடறாப்பல இருக்குது. நிக்கறப்ப அதும் நம்மளாட்டவே மூச்சு வாங்குதுங்க. தும்பிக்கையில தண்ணி குடிக்குதுங்க..." அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

மறுநாள் தம்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அண்ணன் வேலைக்குப் போய்வரும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர், "உன் வேலைக்கு ஏதாவது வந்துச்சுன்னா நானும் போயிருவேன்" என்றார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான்காவது நாள் அந்த அம்மாவே பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். அவன் தோளில் பாட்டில் இல்லை, கையில் ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார். "தண்ணி இங்கத்ததே குடிக்கட்டும். டம்ளர் மட்டும் இவனுக்கு இது. கேட்டியா?"

"சரிங்கம்மா" என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. வேலை தப்பியதற்கு அழுதேனா, தனி டம்ளருக்கு அழுதேனா, தெரியாது. ஆணிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் அதைத் தனியாக வைத்தேன். வைக்கும்போதுதான் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியுமே, எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் முதல் வேலை பேர் வெட்டுவதுதான். அந்த வீட்டில் கரண்டிக்குக்கூடப் பண்ணாடியின் அப்பா பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் பார்த்தேன், விளிம்பில் பார்த்தேன். எதுவும் வெட்டவில்லை. பால்வாடியில் இருந்த மற்றப் பன்னிரண்டும் அதே அலுமினியம், அதே அளவு. ஒரு வாரம் நான் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்தேன். பிறகு ஒருநாள் ரோசி எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிட்டாள். எது எது என்று எனக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. பதிமூன்றும் ஒன்றாகவே கிடந்தன. யாரும் வந்து கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் எனக்குக் கல்யாணமாகி இந்தக் கணபதிக்கு வந்துவிட்டேன். அந்தப் பால்வாடிக் கட்டடம் இடிந்து இப்போது அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது என்றார்கள். தோட்டத்து வீட்டையும் நிலத்தையும் மனை போட்டுவிட்டார்கள். அந்த அம்மா தவறிப்போனதை எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் யாரோ சொன்னார்கள். டீச்சரின் கடிதம் நின்றே வெகுநாள் ஆகிறது. போத்தனூரில் கரி இஞ்சின் இல்லை, தும்பிக்கைக் குழாய் இல்லை. போன முறை மகளை வண்டியேற்றப் போனபோது பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன். அந்தச் சங்கிலி டம்ளர் இருந்த இடத்தைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். அது வியாழக்கிழமைதானா, பாட்டில் சிவப்பா நீலமா, அந்த இனிப்புத் தண்ணீர் சிறுவாணியா இல்லையா, எதற்கும் நான் பொறுப்பில்லை. தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும் தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால். உங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் ஒன்றாவது இருந்ததா? அம்மா அந்த டம்ளரை அவசரத்தில் அப்படியே கொடுத்தனுப்பினார்களா, இல்லை, தேடி எடுத்து அனுப்பினார்களா? விசாரித்து இரண்டு வரி எழுதுங்கள். நான் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன்.